வெளியூர் விசுவாசி

அமெரிக்காவில் ஜூலை பிறந்தால் சிலர் கடற்கரைக்குப் போவார்கள். சிலர் தூண்டிலோடு ஏரிக்குப் போவார்கள். வெளியூர் விசுவாசி மட்டும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். செப்டம்பரில் கால்பந்து சீசன். அதற்குள் இந்த வருடம் எந்த ஓடிடிக்கு எவ்வளவு அழுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்துவிடக் கூடாது. இது முட்டை வடிவப் பந்து. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். பந்துக்கும் காலுக்கும் சம்பந்தம் எப்போதாவதுதான். என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கில் 32 அணிகள். 18 வாரத்தில் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டம். ஆக, வருடத்தில் பாதிக்கு மேல் ஆட்டமே கிடையாது. அந்த ஓய்வு மாதங்களில்தான் விசுவாசிக்குத் தலைக்கு மேல் வேலை.

இவரைப் பல ஊர்களில் பல அணிகளின் பனியனில் பார்க்கலாம். நான் சொல்லப்போகிறவர் பிட்ஸ்பர்க்கில் பிறந்து, அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் வீடு வாங்கி உட்கார்ந்தவர். பிறப்பால் ஸ்டீலர்ஸ், பிழைப்பால் அரிசோனா. இந்த ரகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் கடைசியிலும் 80களிலும் பிட்ஸ்பர்க்கைச் சுற்றியிருந்த எஃகு ஆலைகள் வரிசையாகப் படுத்தன. பேர்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. வேலை தேடி ஜனங்கள் வெயில் மாநிலங்களுக்குப் புறப்பட்டார்கள். ஊரே சரிந்துகொண்டிருக்க, ஊர் அணியான ஸ்டீலர்ஸ் மட்டும் 1974 முதல் 1979 வரை ஆறு சீசனில் நான்கு முறை இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றிருந்தது. ஆகவே போனவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு அணியையும் மூட்டை கட்டிக்கொண்டார்கள். கூடவே ஒரு மஞ்சள் துண்டு. வர்ணனையாளர் மைரன் கோப் 1975இல் கிளப்பிவிட்ட ‘டெரிபிள் டவல்’ அது. தோளில் போடுவதில்லை, தலைக்கு மேலே சுழற்றுவார்கள்.

லீக்குக்கு இந்த வரலாறெல்லாம் அநாவசியம். அது கேட்பது ஒன்றே ஒன்று: இப்போது எங்கே குடியிருக்கிறாய்? நாட்டைத் தொலைக்காட்சிச் சந்தைகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு எந்தக் கடையில் பதிவோ அங்கேதான் சர்க்கரை என்பதுபோல, ஃபீனிக்ஸ் விலாசத்துக்கு அரிசோனா கார்டினல்ஸ்தான் அளக்கப்படும். அதற்குக் காசு கிடையாது. ஜன்னலோரம் ஓர் ஆண்டெனா வைத்தால் போதும். அவருக்கு வேண்டாத ஆட்டம் சும்மா வந்து கொட்டுகிறது. வேண்டிய ஆட்டத்துக்கு ‘சண்டே டிக்கெட்’ என்ற சந்தா வாங்க வேண்டும்.

1994இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. 2022 வரை டைரக்டிவி நிறுவனத்தின் தட்டு ஆண்டெனா கூரையில் இருந்தால்தான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் என்ற நிலை. தட்டுக்குத் தெற்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டும். வாஸ்து என்ற சொல்லே கேள்விப்படாத நாட்டில், தெற்குத் திசையை இவ்வளவு கவனமாகப் பார்த்து வீடு வாங்கியவர் இவராகத்தான் இருப்பார்.

2023இல் டிக்கெட் யூடியூபுக்குக் கைமாறியது. கூரையிலிருந்து தட்டு இறங்கியது. மேசைமேல் கணக்கு ஏறியது. அந்த முதல் வருடம் டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் 449 டாலர். யூடியூப் டிவி சந்தாதாரர் என்றால் 349தான். “100 டாலர் மிச்சம்!” என்றார் விசுவாசி. யூடியூப் டிவிக்கு அப்போது மாதம் 72.99 டாலர். ஐந்து மாதத்துக்குச் சுமார் 365. நூறு டாலரை மிச்சம் பிடிக்க முந்நூற்று அறுபத்தைந்து டாலர் செலவழிக்கும் இந்தத் திட்டத்தை, மூன்று வண்ணத்தில் கட்டம் போட்ட எக்செல் தாளில் அச்செடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் பள்ளியில் கணக்கு டீச்சர். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“மற்ற சேனல்களும் வருமே” என்றார் இவர்.

“அதில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?”

“கால்பந்து.”

டிக்கெட்டின் பெயரிலேயே பாதி சூட்சுமம் இருக்கிறது. ஞாயிறு மட்டும். ஞாயிறிலும் பிற்பகல் ஆட்டங்கள் மட்டும். அதிலும் சிபிஎஸ், ஃபாக்ஸ் இரண்டும் ஒளிபரப்புபவை மட்டும். அவற்றிலும் உள்ளூர் நிலையம் காட்டாதவை மட்டும். இத்தனை ‘மட்டும்’களையும் கழித்தபின் என்ன மிஞ்சும் என்பதற்கு 2024 சீசன் நல்ல உதாரணம். ஸ்டீலர்ஸ் ஆடிய 17இல் கௌபாய்ஸோடும் ஜெட்ஸோடும் ஞாயிறு இரவு, அது என்பிசி. ஜயன்ட்ஸோடு திங்கள் இரவு, அது இஎஸ்பிஎன். கிளீவ்லாந்தில் கொட்டும் பனியில் பிரவுன்ஸிடம் தோற்றது வியாழன் இரவு. அது அமேசான் பிரைம். இரண்டு ஆட்டம் சனிக்கிழமைகளில். கிறிஸ்துமஸ் புதன்கிழமையில் வந்தது. அன்றைக்கு சீஃப்ஸிடம் 29-10 என்று உதை வாங்கியது நெட்ஃப்ளிக்ஸில். ஆக, ஏழு போச்சு. மீதி பத்து. 2023 விலையை வைத்தே வகுத்தாலும் ஓர் ஆட்டம் 45 டாலர். அந்தப் பத்திலும் ஃபீனிக்ஸ் நிலையம் எதையாவது தானே காட்டிவிட்டால் டிக்கெட்டில் அது இருண்டுவிடும். விலை இன்னும் ஏறும்.

அடுத்த வருடம் செப்டம்பர் 28 அன்று ஸ்டீலர்ஸ் டப்ளினுக்கே போய் ஆடியது. ஃபீனிக்ஸில் காலை ஆறரை மணி. அலாரம் வைத்து எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அது என்.எஃப்.எல். நெட்வொர்க்கின் ஆட்டம், டிக்கெட்டில் சேர்த்தியில்லை.

பிரைமும் நெட்ஃப்ளிக்ஸும் அவருடைய கால்பந்துக் கணக்கில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரைம் வீட்டுச் சாமான் வாங்க. நெட்ஃப்ளிக்ஸ் பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் கல்லூரி முடித்து வேறு மாநிலங்களில் தனிக்குடித்தனம் நடத்துகிறார்கள்.

மாற்று வழிகளைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்வார். லீக்கே நடத்தும் என்.எஃப்.எல். பிளஸ் உண்டு, மலிவு. ஆனால் நேரலையில் உள்ளூர் ஆட்டமும் இரவு ஆட்டமும்தான், அதுவும் ஃபோனிலும் டேப்லெட்டிலும்தான். கூடுதல் சந்தா கட்டினால் ஆட்டம் முடிந்தபின் முழுசாகத் திரும்பப் பார்க்கலாம். அதற்கு ஸ்கோர் காதில் விழாமல் தப்பிக்க வேண்டும். ஒருமுறை முயன்றார். சாமான் வாங்கப் போன கடையில் மஞ்சள் துண்டோடு எதிரே வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்தார், முடிவு தெரிந்துவிட்டது. ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் கூடும் மதுக்கடை உண்டு; டிக்கெட்டுக்கு அவர்கள் காசு கட்டிவிடுவார்கள். அங்கே 17 வாரம் உட்கார்ந்து தின்ற கோழி இறக்கைக் கணக்கை மனைவி ஒருமுறை போட்டுக் காட்டியபின் அந்த வழி அடைபட்டது.

மூன்றாவது வழி நாட்டைவிட்டே வெளியேறுவது. பெரும்பாலான வெளிநாடுகளில் ‘கேம் பாஸ்’ என்ற ஒரே சந்தாவில் ஞாயிறு, திங்கள், வியாழன் என்ற பேதமில்லாமல் ஆட்டங்கள் நேரலையில் கிடைக்கின்றன. சொந்த நாட்டில் இருந்தால்தான் இத்தனை வேலி. ஓய்வு பெற்றதும் போர்ச்சுகலுக்குக் குடிபோகலாமா என்று இவர் திடீரென்று கேட்டபோது மனைவி நெகிழ்ந்துபோனார். நல்ல தட்பவெப்பம், குறைந்த செலவு என்று காரணங்களையும் அடுக்கினார் இவர். எக்செல் தாளை மட்டும் காட்டவில்லை.

சீசன் தொடங்கிவிட்டால் புதன்கிழமை அவருக்கு விசேஷ நாள். எந்த ஊருக்கு எந்த ஆட்டம் என்று வண்ணம் தீட்டிய அமெரிக்க வரைபடம் அன்று இணையத்தில் வெளியாகும். அரிசோனாவின் மேல் என்ன நிறம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். ஸ்டீலர்ஸ் நிறமாக இருந்தால் ஆட்டம் ஓசியில் வருகிறது. சந்தோஷப்பட வேண்டியவர் இடிந்துபோவார். காசு கொடுத்தவனுக்கு ஓசியில் கிடைத்தால் அதுவும் நஷ்டம்தானே!

பிட்ஸ்பர்க்கில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஃபீனிக்ஸில் காலை பத்துக்கு. நவம்பரில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். அரிசோனா அந்த வழக்கத்துக்குப் போவதில்லை. அதனால் அங்கே கடிகாரம் அப்படியே நிற்க, ஆட்டம் பதினொன்றுக்கு நகர்ந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் ‘தேவன் எங்கும் இருக்கிறார்’ என்று வீட்டிலேயே ஜெபித்தவரை நவம்பரில் மாதா கோவிலின் காலைப் பூசையில் பார்க்கலாம். பாதிரியார் இதை மனமாற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால், அப்போதும் நிம்மதி கிடையாது. காரணம், தம்பி. பிட்ஸ்பர்க்கை விட்டு நகராத தம்பி. கூரையில் அப்பா காலத்து ஆண்டெனா. உள்ளூர் சிபிஎஸ் நிலையமான கேடிகேஏ பளிச்சென்று தெரிகிறது. மாதச் செலவு சுழியம். ஓடிடி நேரலை என்பது பெயருக்குத்தான் நேரலை. ஆண்டெனாவைவிட அரை நிமிடமாவது பின்னால் வரும். ஃபீனிக்ஸ் திரையில் பந்து இன்னும் கை மாறவில்லை, அதற்குள் ஃபோனில் தம்பி: “டச்டவுன்!!!” இனிமேல் செய்தி அனுப்பாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பி நல்ல பிள்ளை, சந்தோஷத்தை மட்டும் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டான். அதன்பின் கடைசி நிமிடங்களில் “சே!” என்று மட்டும் வரும். அதையும் தடுத்தபின் நிலைமை மோசமானது. ஃபோன் சும்மா இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதிலேயே ஆட்டம் போய்விடுகிறது.

ஒரே ஒருமுறை அவர் நியாயம் கிடைத்துவிட்டதாக நம்பினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘மக்கி டக்’ என்ற மதுக்கடை 2015இல் தொடங்கிவைத்த வழக்கில், 2024 ஜூன் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி லீக்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வீட்டுச் சந்தாதாரர்களுக்கு 470 கோடி டாலர் நஷ்டஈடு. டிக்கெட்டை 70 டாலருக்கு விற்கலாம், ஒற்றை அணிக்கும் தனியாக விற்கலாம் என்று இஎஸ்பிஎன் ஒருகாலத்தில் யோசனை சொன்னதும், லீக் அதை ஏற்காததும் விசாரணையில் வெளிவந்தன. தன் பங்கு எவ்வளவு என்று இவர் அன்றிரவே கணக்குப் போட்டார். அந்தப் பணத்தில் பெரிய டிவி வாங்குவதாகத் திட்டம். ஆகஸ்ட் 1 அன்று நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். ஐந்து வார ஆனந்தம். டிவி ஏற்கெனவே தவணையில் வந்துவிட்டிருந்தது.

பிப்ரவரியில் சூப்பர் பௌல் முடிந்த கையோடு “இதோடு சரி” என்று சபதம் செய்வார். மனைவி பதில் சொல்வதில்லை. சந்தா அடுத்த சீசனுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரகம். நிறுத்துவதென்றால் உள்ளே போய் நாமே நிறுத்த வேண்டும். மறதி என்பார். பல் தேய்க்கும் பிரஷ்ஷை எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதைக்கூட எக்செல்லில் குறித்துவைப்பவர்.

போன வசந்தத்தில் தம்பி கூப்பிட்டான். வேலையிலிருந்து ஓய்வு, பனி அள்ளி முதுகு போய்விட்டது, புளோரிடாவில் டாம்பா பக்கம் வீடு பார்த்தாகிவிட்டது. நலம் விசாரித்து முடித்தபின் மெதுவாகக் கேட்டான்:

“அண்ணே, நம்ம அப்பாவோட ஆண்டெனாவைக் கழற்றி எடுத்துட்டுப் போனா அங்கேயும் வேலை செய்யுமா?”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் விசுவாசி. அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை ஸ்டீலர்ஸ் ஜெயித்த நாளில்கூட மனைவி பார்த்ததில்லை.

“பிரமாதமா வேலை செய்யும், தம்பி. பக்கனியர்ஸ் தெளிவாத் தெரியும். ஸ்டீலர்ஸ் வேணும்னா ஒரு பேப்பர் எடுத்துக்கோ.”