போயாவுக்கு வைரஸ் லீவு எடுக்காது

கே: ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போன என் நண்பன், ஆணுறை இல்லாமல் ஒருத்தியோடு இருந்துவிட்டான். எச்.ஐ.வி. பயம். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், கொட்டகலை)

ப: 'நண்பரை' முதலில் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால், தொற்று உடம்பில் நிலைக்காமல் தடுக்கும் 'பெப்' மருந்து உண்டு. தினமும், 28 நாள். எவ்வளவு முந்துகிறாரோ அவ்வளவு பலன். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் விசாரிக்கட்டும். அரசாங்கச் சேவை, காசு கேட்கமாட்டார்கள்.

கே: வெள்ளி இரவு நடந்தது. சனி, ஞாயிறு கிளினிக் இல்லை, திங்கள் போயா. செவ்வாய் போனால் போதாதா?
(ஹட்டன்)

ப: வெள்ளி இரவு பத்து மணி என்றால், திங்கள் இரவு பத்தோடு கெடு முடிந்தது. வைரஸுக்குப் போயா லீவு கிடையாது. கிளினிக் பூட்டியிருந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றே போய், நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: தோட்ட டிஸ்பென்சரியில் வாயைத் திறந்தால் பொழுதுசாய லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே?
(மஸ்கெலியா)

ப: அங்கே ஏன் திறக்கிறீர்கள்? டவுனுக்கு பஸ் ஏறுங்கள். வீட்டில் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். டொக்டரிடம் மட்டும் பொய் வேண்டாம். எப்போது, எந்தவகை உறவு, ஆணுறை கிழிந்ததா என்று கேட்பார். ஆபத்தை அளக்கத்தான் கேட்கிறார், உங்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுத அல்ல.

கே: ஒரே ஒரு தடவைதானே?
(தலவாக்கலை)

ப: எதிராளிக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் மருந்தும் எடுக்காதவர் என்றால், ஒரு தடவை யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000இல் சுமார் 8, ஆணுக்கு 4. ஆசனவழி உறவில் ஏற்பவருக்கு 138. இதைவிடச் சின்ன வாய்ப்பை நம்பி லொத்தர் சீட்டு வாங்குகிறோம்! ஆனால் ஒழுங்காக மருந்தெடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உறவால் தொற்றாது.

கே: இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை போடுகிறேன். பெப்போடு சேருமா?
(ஒரு சகோதரி, நோர்வூட்)

ப: நல்ல கேள்வி, தங்கச்சி. பெப்பில் டொலுடெக்ராவிர் இருந்தால், வெறும்வயிற்றில் இரும்பும் கல்சியமும் அதை உடம்பில் சேரவிடாது. இரண்டையும் சாப்பாட்டோடு போடுங்கள். இல்லையென்றால் பெப் முதலில், இரும்பு இரண்டு மணித்தியாலம் கழித்து. டொக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

கே: நுளம்பு, அட்டை கடித்தால் வருமா?
(இராகலை)

ப: நுளம்பால் பரவாது. அட்டையால் வருமென்றால் கொழுந்து மலையில் ஒருவரும் தப்பியிருக்க முடியாது. சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கே: 28 நாளும் முடித்துவிட்டேன். இனி பயமில்லையே?
(லிந்துலை)

ப: இன்னும் பரிசோதனை பாக்கி. ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. அதுவரை ஆணுறை போடுங்கள், இரத்ததானம் வேண்டாம். பெப் நடந்து முடிந்த இரவுக்குத்தான் காவல். வரப்போகும் இரவுக்கு அது செல்லாது. இப்படி அடிக்கடி நேருமென்றால், முன்கூட்டியே எடுக்கும் 'பிரெப்' பற்றி அதே கிளினிக்கில் கேளுங்கள். அப்போதாவது நண்பனை இழுக்காதீர்கள்!