செலீனியத்துக்குக் கிடைத்த குடியுரிமை

பெறுநர்: சுற்றுச்சூழல் அமைச்சகம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், கனடா.

பொருள்: எல்க் பள்ளத்தாக்குச் செலீனியம் குறித்துப் பாராட்டும் ஓர் ஐயமும்.

பெருமதிப்பிற்குரியீர்,

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கனடாவில் குடியேற ஆங்கிலத் தேர்வு எழுதி, வங்கி இருப்பைக் காட்டி, காவல்துறைச் சான்று வாங்கி, கடைசியில் புள்ளி போதாமல் திரும்புகிறார்கள். உங்கள் எல்க் பள்ளத்தாக்கில் செலீனியம் இது எதுவும் இல்லாமலே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. குடியேற்றம் ஒட்டாவாவின் இலாகா என்று சொல்லிவிடாதீர்கள். கழிவுநீருக்கு அனுமதிச்சீட்டு எழுதுவது நீங்கள்தான்.

வழிமுறை எளிது. மலையை வெடிவைத்து உடைத்து, எஃகாலைக்கான நிலக்கரியைக் கப்பலேற்றிவிட்டு, மிச்சப் பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டினால் போதும். பல கோடி ஆண்டுகள் காற்றுப் படாமல் கிடந்த பாறை அது. உடைந்த பிறகு மழையும் பனியுருகலும் உள்ளே இறங்கிச் செலீனியத்தைக் கரைத்து ஓடையில் சேர்க்கின்றன. சுரங்கத்தை நாளைக்கே பூட்டினாலும் குவியல் பல தலைமுறைக்குக் கசியும். மீன் முட்டையில் அது அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் குஞ்சுகள் வளைந்த முதுகெலும்போடும் குறைபட்ட செவுள்மூடியோடும் பிறக்கும்.

2016-இல் உங்கள் மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் ஓர் அறிக்கை தந்தார். இருபது ஆண்டுகளாகச் செலீனியம் ஏறுவதை அமைச்சகம் அளந்துவந்தது, ஏற்றத்தை நிறுத்த உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்பது அதன் சாரம். அவருக்கு ரசனை போதாது. இருபது ஆண்டில் எத்தனை அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள், எத்தனை அமைச்சர்கள் மாறியிருப்பார்கள்! செலீனிய அளவு வரைபடத்துக் கோடு மட்டும் கொள்கை மாறாமல் மேலேயே போயிருக்கிறது. நாற்பது ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேலாம்.

2014-இல் வெஸ்ட் லைன் ஓடையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதே ஆண்டு அதன் கழிவுநீரில் மீன்கள் செத்தன. நிறுத்தியதை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, மொத்தச் செலீனியம் குறைந்தது உண்மை, ஆனால் மிஞ்சியது உயிரினங்கள் இன்னும் சுலபமாக உறிஞ்சும் வடிவத்துக்கு மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு கருவி பூட்டினார்கள்.

அதே பள்ளத்தாக்கின் மேல் ஃபோர்டிங் ஆற்றில் 2017-க்கும் 2019-க்கும் இடையே வளர்ந்த கட்த்ரோட் டிரவுட் மீன்கள் பத்தில் ஒன்பதுக்கு மேல் காணாமல் போயின. சுரங்கத்தை நடத்திய டெக் கோல் நிறுவனம் ஏற்பாடு செய்த ஆய்வு கடுங்குளிரையும் உறைபனியையும் முதன்மையாகச் சுட்டியது. குளிர் கனடாவுக்குப் புதிது போலும்.

2012-இல் இந்தக் கசிவை ஆற்றில் விட்ட குற்றத்துக்கு 2021-இல் அதே நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மத்திய மீன்வளச் சட்டத்தில் அதுவரை அவ்வளவு பெரிய தண்டம் இல்லை. அது மத்திய அரசின் வழக்கு. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லை தாண்டவும் செலீனியத்துக்கு விசா வேண்டியதில்லை. எல்க் பள்ளத்தாக்கு நீர் போய்ச் சேரும் கூக்கனூசா ஏரியின் தென்பாதி அமெரிக்காவின் மொன்டானாவில். அங்கே 2020-இல் வகுத்த வரம்பு லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம், உங்கள் வழிகாட்டு அளவு 2. ஒரே ஏரி. கெடுதல் எங்கே தொடங்குகிறது என்பதை மீன்தான் கோடு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லை நீரை மாசுபடுத்தி மறுபக்கத்துக்குத் தீங்கு செய்யலாகாது என்று 1909-ஆம் ஆண்டின் கனடா-அமெரிக்க எல்லை நீர் ஒப்பந்தம் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தின் ஆணையத்திடம் விஷயத்தை ஒப்படையுங்கள் என்று டுனாகா பழங்குடியினர் 2012 முதல் கேட்டார்கள். 2024 மார்ச்சில்தான் இரு அரசுகளும் இசைந்தன.

அதே ஆண்டு டெக் சுரங்கங்களின் பெரும்பங்கு கிளென்கோர் நிறுவனத்துக்குக் கைமாறியது. என் ஐயம் இதுதான். நிறுவனம் விற்கும், வாங்கும், ஒருநாள் கலைந்தும் போகலாம். குவியல் கசிவதோ நிற்காது. சுத்திகரிப்பு நிலையத்தின் 2224-ஆம் ஆண்டு மின்கட்டண ரசீதை யார் பெயருக்குப் போடுவது? முகவரி தெரிந்தால் அனுமதிச்சீட்டின் ஓரத்திலாவது இப்போதே குறித்துவைக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வரைபடத்தின் அபிமானி