ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கார்

வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் காது நீளும், மூளை சுருங்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

2022 ஏப்ரலில் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது: கார் லீஸ் பாலிசி. லீஸ் கம்பெனி காரை வாங்கும். ஆபீஸ் மாத வாடகை கட்டும். அந்த வாடகையை வரி பிடிப்பதற்கு முன்பே என் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். அதாவது என் காசில் இன்னொருத்தர் கார் வாங்குவார். இது நன்றாகப் புரிந்த பிறகுதான் ‘யெஸ்’ அழுத்தினேன்.

காரணம், அப்போதைய வருமான வரி விதிகளில் மூன்றாவது விதி. ஆபீஸ் கொடுத்த கார் ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஓடி, இன்ஜினும் 1.6 லிட்டருக்குள் இருந்தால், அந்தச் சுகத்தின் மதிப்பு அப்போது மாதம் 1,800 ரூபாய்தான். பெரிய இன்ஜினுக்கு 2,400. டிரைவர் வைத்தால் இன்னொரு 900. மாதம் 25,000 வாடகை போகும் காரை அரசாங்கமே 1,800 என்று மதித்தது! அப்ரைசலில் என்னை இதே போல மதித்தபோதெல்லாம் வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது.

எக்செல் திறந்தேன். வருஷத்துக்கு 3 லட்சம் வாடகை. அதில் 21,600-ஐத் திரும்பச் சேர்த்தாலும் 2,78,400 ரூபாய் வரிக்குத் தப்புகிறது. என் வரி செஸ்ஸோடு 31.2 சதவீதம். ஆக, 86 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். மனைவியிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். “சரி, காருக்கு எவ்வளவு ஆகும்?” என்றாள். நல்ல காரியம் பேசும்போது இப்படியா கேட்பது?

முதல் ஓட்டையை மச்சான் கண்டுபிடித்தார். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. “மாமா, உங்க சம்பளம் பன்னண்டரை லட்சம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், எய்ட்டி சி எல்லாம் போக பத்தரை. பத்துக்கு மேல இருக்கிற அம்பதாயிரத்துக்குத்தான் முப்பது பர்சென்ட். அதுக்குக் கீழ இருபதுதான்.” 86 ஆயிரம் அந்த இடத்திலேயே 63 ஆயிரம் ஆனது. கார் அப்போது ஷோரூமை விட்டே வரவில்லை.

அடுத்தது ஜிஎஸ்டி. சின்ன பெட்ரோல் காரின் வாடகைக்கு அப்போது வரி 28, செஸ் 1. காரை நேராக வாங்கினாலும் அந்த வரி உண்டே என்று வாதாடினேன். உண்டுதான். ஆனால் பாங்க் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. லீஸ் வாடகைக்குள்ளும் ஒரு வட்டி ஒளிந்திருக்கிறது, அதற்கும் சேர்த்து 29 சதவீதம். ஆபீஸாவது அதைத் திரும்ப வாங்கலாமா என்றால், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு விடாது.

“நீயும் எடுண்ணா” என்று உசுப்பிவிட்டது மெல்பர்னில் இருக்கும் சித்தப்பா மகன். அங்கே இதற்குப் பெயர் நோவேட்டட் லீஸ். ஜிஎஸ்டியை அங்கே ஆபீஸ் திரும்பப் பெறுகிறது. போதாததற்கு, 2022 ஜூலை முதல் குறிப்பிட்ட விலைக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் காருக்கு ஆபீஸ் சலுகைகள் மீதான வரியே கிடையாது. ஐடியா மட்டும் விமானம் ஏறி வந்தது, சட்டம் அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது ‘ஆபீஸ் வேலைக்கும்’ என்ற சங்கடமான விஷயம். கொரோனாவிலிருந்து நான் பெரிய முதலியார்சாவடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எப்போதாவது மீட்டிங் என்றால் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி சென்னைக்குப் போவேன். மற்றபடி கார் போனதெல்லாம் கோட்டக்குப்பம் பிரியாணிக்கு. பிரியாணிக்கு நிற்கும்போது ஆபீஸ் கால் வந்தால் அது எந்தக் கணக்கு என்று மச்சானிடம் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பெட்ரோல் செலவையும் பில் கொடுத்து வரியில்லாமல் வாங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. அங்கே போட்டு, பில்களை டேஷ்போர்டில் பத்திரமாகச் சேர்த்தேன். எல்லாம் தெர்மல் பேப்பர். நம்ம ஊர் வெயிலில் எழுத்து ஆவியாகி, மார்ச்சில் ஹெச்.ஆருக்கு நான் கொடுத்தது சுத்தமான வெள்ளைத் தாள்கள். அந்தத் தொகைக்கு முழு வரி.

ஒருநாள் எல்லையில் மதுவிலக்குச் சோதனையில் நிறுத்தினார்கள்.

“ஆர்.சி.ல உங்க பேரு இல்லையே?”

“லீஸ் வண்டி சார்.”

“அப்ப வண்டி யாருது?”

“சார், வருமான வரி விதி மூணுல...”

“டிக்கியைத் திறங்க.”

2023-லேயே புதிய வரிமுறை தானாக வரும் முறையாகிவிட்டது. எந்த முறை வேண்டும் என்று ஆபீஸ் கேட்ட மெயிலை 2024-ல் நான் திறக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால், புதிய முறையில் எனக்கு வரி 28 ஆயிரம் குறைவு. இந்த நான்கு வருஷத்தில் நான் செய்த உருப்படியான வரித் திட்டம் அந்த மெயிலைத் திறக்காததுதான். என்ன, அந்த முறையில் காரால் வரும் மிச்சம் 38 ஆயிரமாகச் சுருங்கியது.

பிறகு 2025 பட்ஜெட். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். தெருவே கொண்டாடியது. என் சம்பளம் அதே பன்னிரண்டரையில் நின்றுகொண்டிருந்தது. காரே இல்லாவிட்டாலும் எனக்கு வரி பூஜ்யம். வாடகை மட்டும் மாதாமாதம் போனது.

சம்பளம் ஏன் நகரவில்லை என்பீர்கள். வேறு கம்பெனியில் கூடுதலாகக் கூப்பிட்டார்கள். வேலையை விட்டால் லீஸை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்தேன். இந்த ஆபீஸ் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். புதுக் காரே விலை இறங்கியபோது, உப்புக் காற்றில் கதவடியில் துரு ஏறிய என் காரை எவன் பழைய விலைக்குக் கேட்பான்? ஆனால் லீஸ் முடிவில் அதை வாங்க நான் கொடுக்க வேண்டிய விலை 2022-லேயே கையெழுத்தானது. அது மட்டும் துருப்பிடிக்கவில்லை.

வாங்குகிறீர்களா, திருப்பித் தருகிறீர்களா, புது லீஸா என்று ஹெச்.ஆர். கேட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரிக் காருக்கு இன்ஜினே இல்லையே, அதற்கு எந்த ரேட் என்று பதில் மெயில் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.