கூப்பிட்டால் வருதல்: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதன் கூப்பிட்டவுடன் வரும் திறனை எந்த வயதில் இழக்கிறான் என்ற கேள்வி தமிழ் ஆய்வுலகில் இதுவரை உரிய கவனம் பெறவில்லை. பால்பல் விழும் வயது தெரியும். மீசை அரும்பும் வயது தெரியும். ஓட்டுப் போடும் வயது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் "சாப்பிட வாங்க" என்ற குரலுக்கு "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லிவிட்டு, உட்கார்ந்த நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொள்ளத் தொடங்கும் வயது எது? பல்கலைக்கழகங்கள் மௌனம் சாதிக்கின்றன. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களமாக ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் எடுத்துக்கொள்ளப்பட்டன. காரணம் கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கலாம். குழந்தை என்ற ஜீவனைத் தமிழில் உட்கார்ந்து நிதானமாகக் கவனித்து எழுதியவர் வாழ்ந்த ஊர் ஒன்று. தன் பெயரையே ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்ட ஊர் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊரிலும் நிற்கும் என்பதால் பயணச் செலவும் அதிகமில்லை. பால்கோவா வகையில் ஆன செலவு தனி. அது ஆய்வுக்கு இன்றியமையாதது என்று மட்டும் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

முன்னாய்வு என்று பார்த்தால் பெரியாழ்வாருடையது ஒன்றுதான் உருப்படி. விஷ்ணுசித்தர் என்ற பெயருடைய இவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, பூக்கட்டி, வடபத்ரசாயிப் பெருமாளுக்குச் சாத்தியவர். 8-9ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். துளசிச் செடிகளுக்கு நடுவே கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் என்பதால் வீட்டிலேயே கள அனுபவமும் உண்டு. அந்தக் குழந்தை ஆண்டாள், சாமிக்குக் கட்டி வைத்த மாலையைக் கூப்பிடாமலும் கேட்காமலும் எடுத்துப் போட்டுப் பார்த்த கதையை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெரியாழ்வார் தன்னை யசோதையாக வைத்துக்கொண்டு கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய திருமொழியை எல்லோரும் பக்திக்காகப் படிக்கிறார்கள். ஆய்வுக் கண்ணோடு படித்தால், அதில் கணிசமான பகுதி கூப்பிடுவதுதான். குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுகிறார். கட்டிக்கொள்ளக் குழந்தையைக் கூப்பிடுகிறார். பிறகு பால் குடிக்க வா, காது குத்த வா, குளிக்க வா, பூச்சூட வா, அந்தியாகிறது காப்பிட வா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிகம். குழந்தைக்குத் தலைவார வேண்டும் என்றும், கோல் கொண்டுவர வேண்டும் என்றும் காக்கையையும் விடாமல் கூப்பிடுகிறார். ஒரு வீட்டில் ஒரு தாய் ஒரு நாளில் எத்தனை தடவை "வா" என்கிறாள் என்பதற்கு இதைவிட முழுமையான ஆவணம் கிடைப்பது அரிது.

இதில் ஒரு நுட்பம். கட்டிக்கொள்ளும் விஷயத்தில் கண்ணனுக்குச் சிபாரிசே வேண்டியதில்லை. பின்னாலிருந்து ஓடிவந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்வதற்கென்றே புறம்புல்கல் என்று ஒரு பதிகம் இருக்கிறது. ஆனால் குளிக்கக் கூப்பிட்டால் கதை வேறு. அப்பமும் சிற்றுண்டியும் செய்து வைத்திருக்கிறேன் என்று ஆசை காட்ட வேண்டியிருக்கிறது. காது குத்தவும் அப்படியே, தின்பண்டம் காட்டியே கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆக, கூப்பிட்டால் குழந்தை ஓடிவரும் என்ற பொதுக்கருத்தைப் பெரியாழ்வாரே ஏற்கவில்லை. பிடித்தால் வரும், பிடிக்காவிட்டால் வராது. இது இந்த ஆய்வின் அடித்தளம் என்பதால் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலா விவகாரம் சற்று வேறு மாதிரி. குழந்தை கை நீட்டிக் கூப்பிடுகிறது, தாயும் சேர்ந்து கூப்பிடுகிறாள், நிலா வருவதில்லை. வராதது மட்டும் என்றால் பரவாயில்லை. நாம் நடந்தால் கூடவே நடக்கிறது, பஸ்ஸில் போனால் கூடவே வருகிறது, இதோ வந்துவிடும் என்பது போலவே தோற்றம் காட்டுகிறது, ஆனால் வந்து சேர்வதில்லை. அவ்வகையில் தமிழ் இலக்கியத்தில் பதிவான முதல் வயதுவந்தவர் என்று நிலாவைச் சொல்லலாம்.

பெரியாழ்வார் போட்ட பாதையில்தான் பின்னால் பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே வளர்ந்தது. அதில் பத்துப் பருவங்கள். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே வருகைப் பருவம், வாரானை என்றும் சொல்வார்கள். குழந்தை தத்தித் தத்தி நடக்கும் வயதில் அதை "வருகவே" என்று அழைப்பது. மதுரையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது மீனாட்சியே ஒரு சிறுமியாக வந்து திருமலை நாயக்கர் மடியில் உட்கார்ந்துகொண்டாள் என்பது ஐதீகம். கடவுளே கூப்பிட்டால் வருகிறது. இந்த இலக்கியத்தில் நாற்பது வயதுக்கு மேல் பருவம் எதுவும் வகுக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வகுத்துப் பயனில்லை என்று புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி நாய். ராஜபாளையம் நாய் வெள்ளை வெளேரென்றிருக்கும். மூக்கு இளஞ்சிவப்பு. உயரமான கால், ஒட்டிய வயிறு, உள்ளே எடுத்த இடுப்பு. பாளையக்காரர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது, காவலுக்கும் நின்றது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்கு. கண்டவர் வந்து தலையைத் தடவினால் இதற்குப் பிடிக்காது. ஊரார் எத்தனை "தோ தோ" போட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. வளர்த்தவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். கூப்பிட்டால் வருதலில் இது இரண்டாம் விதி: யார் கூப்பிடுகிறார்கள் என்பது முக்கியம்.

இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. முழு வெள்ளை நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும்; அங்கே அவை இல்லாமல் போனால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களுக்குள் கெட்டுப்போகும். டால்மேஷன் நாய்க்கும் இதே வில்லங்கம் உண்டு. எண்ணிக்கை குறைந்த இனத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் குட்டி எடுப்பதால் குறை இன்னும் அழுத்தமாகிறது. காது கேளாத நாய்கூட, தரையைக் காலால் தட்டினால் அந்த அதிர்வை உணர்ந்து திரும்பும், கையசைத்தால் வரும். இங்கேதான் ஆய்வு ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறது. காது கேளாத நாய் வந்துவிடுகிறது. காது கேட்கிற குடும்பத்தலைவர் வருவதில்லை. பின்னவருக்கு உள்காதில் குறை எதுவும் இல்லை என்பது, அடுத்த அறையில் அவரைப் பற்றித் தணிந்த குரலில் பேசினால் உடனே தெரிந்துவிடும்.

கள ஆய்வுக்கு ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று ஆய்வுப் பொருள்கள் கிடைத்தன. அ: வீட்டுப் பேரன், நான்கு வயது நடக்கிறது. ஆ: அவ்வீட்டு நாய், மேற்சொன்ன இனம், காது நன்றாகக் கேட்கும். இ: பேரனின் தாத்தா, நூற்பாலைக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பெயர்கள் ஆய்வு நெறிப்படி மறைக்கப்படுகின்றன. இ-யின் மனைவி வெளியிடச் சொன்னார், மறுக்கப்பட்டது.

முதல் சோதனை இட்லி. அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அ ஓடிவந்தான். ஆ அவனுக்கு முன்னால் வந்து, தன் தட்டு எங்கே என்று பார்த்தது. இ, "இந்தா வாரேன்" என்றார். சட்னி காலியான பிறகு வந்து, "சட்னி இல்லையா?" என்றார். இரண்டாம் சோதனை குளியல். மருமகள் கிணற்றடியில் வெந்நீர் விளாவும் சத்தம் கேட்டதுமே அ-வைக் காணவில்லை. தேடிப் பார்த்ததில் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில், சோப்பு டப்பா திறக்கும் சத்தத்துக்கே முந்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்ட ஆ. அதன் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறியாமல், தான் மிக நன்றாக ஒளிந்திருப்பதாக ஆ நம்பியது. "வாடா வெளியே" என்றதற்கு இருவரும் மூச்சுவிடவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து யாரும் "இந்தா வாரேன்" என்று சொல்லவில்லை என்பதை ஆய்வாளர் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டார். குழந்தையும் நாயும் வரும், அல்லது வராது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதிருத்தல் என்ற மூன்றாவது நிலை அவற்றுக்குத் தெரியாது. அது வயது வந்தபின் முளைப்பது.

இந்த மூன்றாவது நிலைக்குள் பல படிகள் உண்டு. "அஞ்சு நிமிசம்" ஆரம்ப நிலை. "வந்துக்கிட்டே இருக்கேன்" அடுத்தது. இது பெரும்பாலும் செல்போனில் நிகழ்வது. மதுரையிலிருந்து காரில் வருகிற உறவினர் கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டதாகச் சொன்னால் திருமங்கலத்தில் டீ குடிக்கிறார் என்று பொருள், டி.கல்லுப்பட்டி என்று உண்மையைச் சொன்னால் இன்னும் வீட்டில் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் மேலே, சிகரம் போல் நிற்பது "வந்துட்டேன்னு வச்சுக்கோ". வந்து சேர்வதற்கான உடல் உழைப்பு முழுவதையும் எதிராளியின் கற்பனையிடம் ஒப்படைத்துவிடும் இந்த வாக்கியத்தைத் தத்துவத் துறையினர் தனியே ஆராய்வது நல்லது. வைத்துக்கொண்டவர் இலை போட்டு, பரிமாறி, ஆறிப்போய் எடுத்தும் வைத்திருப்பார்.

ஒருவேளை முதுமையால் வரும் தளர்ச்சியோ என்றும் பார்க்கப்பட்டது. இல்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்து, ஷிப்டுக்கு ஷிப்ட் சங்குச் சத்தம் கேட்டு வாழ்ந்த ஊர் இது. நம் ஆய்வுப் பொருள் இ, வேலையில் இருந்த காலமெல்லாம் சங்கு ஊதும்போது கேட்டுக்கு உள்ளே நின்றவர். சங்கிடம் ஒருநாளும் அவர் "இந்தா வாரேன்" என்று சொன்னதில்லை. சம்பளம் பிடிப்பவர் கூப்பிட்டால் வரும் திறன் அப்படியே இருக்கிறது. சோறு போடுபவர் கூப்பிட்டால்தான் போய்விடுகிறது. நாய்க்கு இது நேர் எதிர். ஆடிப்பூரத்தில் ஊர் கூடி வடம் பிடித்தால் ஆண்டாள் கோவில் பெருந்தேரே நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது. இ-யைக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு நகர்த்த அப்படியொரு வடம் இன்னும் திரிக்கப்படவில்லை.

வயது வந்தோர் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு: முறை. கல்யாண வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, தம்பதியாக வந்து, இருவர் பெயரையும் சொல்லி அழைத்தால்தான் அழைப்பு. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் அது தகவல். வாசலில் நின்றபடி கொடுத்தால் அவமரியாதை. அழைத்தும், பந்தியில் "வாங்க மச்சான், உக்காருங்க" என்று ஆள் வந்து கையைப் பிடிக்காவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆ-வுக்கு நேற்றுச் சாயங்காலம் செருப்பை எடுத்து ஓடியதற்காக நல்ல அடி விழுந்தது. இன்று காலையில் அடித்தவரே கூப்பிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றது. முறையாக அழைக்கவில்லையே என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அ-வுக்கோ, அம்மா திட்டியதும் அழுததும் பால்கோவாப் பொட்டலத்தின் நூல் அவிழும் சத்தத்தோடு முடிந்துபோயின.

கூப்பிடாமலே வருவோர் என்றொரு வகையும் இந்த வட்டாரத்தில் உண்டு. மாங்காய்க் காலத்தில் மலையடிவாரத் தோப்புகளுக்கு வரும் யானைகளும், சப்பட்டை மாங்காய் பழுத்துவிட்டதா என்று விசாரிக்க வரும் வெளியூர்ச் சொந்தங்களும் இதில் அடக்கம். யானைக்குப் பட்டாசு உண்டு. மற்றதற்கு இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் இது வராது.

ஆய்வு இந்த அளவில் தெளிவாகப் போய்க்கொண்டிருக்கையில் ஓர் இடையூறு நேர்ந்தது. ஒருநாள் மாலை மருமகள் அடுக்களையிலிருந்து, "தோசை ஊத்தியாச்சு, வா" என்று குரல் கொடுத்தாள். கூடத்தில் அ, தாத்தாவின் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாத்தாவின் நாற்காலியிலேயே, தாத்தா சாய்வது போலவே சாய்ந்திருந்தான். கண்ணை எடுக்காமல், "இந்தா வாரேம்மா" என்றான். சொல்லிவிட்டு அசையவில்லை.

இ பெருமை தாங்காமல், "அப்படியே என்னைய மாதிரி" என்றார். ஆய்வாளர் அந்த நிமிடமே அ-வைக் குழந்தைகள் பட்டியலிலிருந்து நீக்கி, வயது வந்தோர் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. தோசையை ஆ சாப்பிட்டது.