கோவேறு கழுதைக்கு மோட்சம்

‘12 நாள் சார்தாம் யாத்திரை. மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு. சமையல்காரர் கூடவே வருவார். குளிக்க வெந்நீர் உண்டு. ஹெலிகாப்டர் தனி.’

கோடை பிறந்தால் வாட்ஸ்அப்பில் வலம் வருகிற நோட்டீஸ் இது. யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதார்நாத், பத்ரிநாத் நான்கையும் பார்த்துவிட்டு வந்தால் பாவம் தொலையும், தயிர்சாதம் தொலையாது.

காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்கக் கூசி, தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். அவர் வழிவந்த நாமும் சிவன் மலையைக் காலால் மிதிப்பதில்லை. கழுதையின் காலால் மிதிக்கிறோம்.

கௌரிகுண்டில் இருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டர் ஏற்றம். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். போன முறை எங்கள் குழுவில் நடந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் கோவேறு கழுதை மேல். நானும்தான், யோக்கியன் வேஷம் போட வரவில்லை. எனக்கு வாய்த்த கழுதைக்கு முதுகில் சேணம் உரசி உரசித் தோல் போயிருந்தது. புண்ணின் மேல் சாக்கு, சாக்கின் மேல் சேணம், சேணத்தின் மேல் நான், என் வாயில் பஞ்சாட்சரம். சாணமும் மழைத்தண்ணீரும் குழைந்த படிக்கட்டில் அது வழுக்கியபோதெல்லாம் பின்னால் இருந்து கம்பு விழுந்தது. எனக்கு முன்னால் போனவர் ஒற்றைக் கையால் சேணத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வீடியோ காலில் பேத்திக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தார். “தாத்தா எவ்ளோ கஷ்டப்பட்டுப் போறேன் பாரு கண்ணு!”

கோ ஏறுவதால் கோவேறு கழுதை என்று பெயர் வந்ததாம். இப்போது கோக்களுக்குப் பஞ்சமில்லை. 2023-இல் நான்கு தலங்களுக்கும் வந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அந்த ஜூனில், இதே கேதார்நாத் பாதையில் ஒரு குதிரையைப் பிடித்து நிறுத்தி வலுக்கட்டாயமாகப் புகைக்க வைக்கும் வீடியோ வெளியானது. போலீஸ் வழக்குப் போட்டது. 2025 மே மாதம், இரண்டே நாளில் 14 விலங்குகள் செத்து விழுந்தன. அரசு கலங்கிப்போய் 24 மணி நேரம் சவாரிக்குத் தடை விதித்தது. நம் வீட்டில் ஒருவர் போனால் பத்து நாள் தீட்டு. பதினாலு உயிருக்கு ஒரு நாள்.

கழுதை வேண்டாம் என்றால் மூங்கில் கூடை. அதற்குக் ‘கண்டி’ என்று பெயர். உள்ளே கனமான ஒரு பக்தர், வெளியே மெலிந்த ஒரு நேபாளி. கூடையின் பட்டை அவன் நெற்றியில் பதிந்திருக்கும். நம் நெற்றியில் விபூதிப் பட்டை, அவன் நெற்றியில் கூடைப் பட்டை. இதில் எது சிவனுக்குப் பிடிக்கும் என்று கேட்டால் நாத்திகன் என்பீர்கள்.

யாத்திரையில் கஷ்டம் குறைந்துவிட்டது என்று பெருமைப்படுகிறோம். ஒரு துளி குறையவில்லை. நம் முழங்காலில் இருந்து இறங்கி, அடுத்தவன் முழங்காலில் ஏறிக்கொண்டது. புண்ணியத்தை மட்டும் நம் பெயருக்குப் பத்திரம் பதிந்துகொண்டோம். சித்திரகுப்தன் ஒழுங்கான கணக்கனாக இருந்தால், ஆறு மாத சீசனில் அந்தக் கழுதை எத்தனை முறை கேதாரம் ஏறியது என்று எண்ணுவான். மோட்சத்தின் முதல் வரிசையில் நாலு கால்கள்தான் நிற்கும்.

சரி, ஹெலிகாப்டர்? கீழே கஸ்தூரி மான்கள் வாழும் சரணாலயம். அதன் தலைக்கு மேல் சீசன் முழுக்க இரைச்சல். 2022 அக்டோபரில் ஒன்று மோதி ஏழு பேர் போனார்கள். 2025 ஜூனில் இன்னொன்று விழுந்து, சிறு குழந்தை உட்பட ஏழு பேர்.

சாலை? தட்சனின் மகள் உடல் 51 துண்டாக விழுந்து சக்தி பீடங்கள் ஆயின என்பது ஐதீகம். சார்தாம் நெடுஞ்சாலையோ 53 துண்டு! சுமார் 900 கிலோமீட்டரை ஒரே திட்டமாகக் காட்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டுமே. அதனால் கூறு போட்டுக்கொண்டார்கள். தேவியை வெட்டியது விஷ்ணு சக்கரம். மலையை வெட்டியது கோப்பு. அதே சாலைக்காகக் குடைந்த சில்க்யாரா சுரங்கம் 2023 தீபாவளியன்று சரிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். வெளிநாட்டு இயந்திரம் உடைந்து நின்றபின் அவர்களை மீட்டவர்கள், கையால் மண் தோண்டும் எலிவளைத் தொழிலாளிகள். அந்த எலிவளை முறையை 2014-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருந்தது. சட்டம் தடுத்தது மனிதனைக் காப்பாற்றியது. சட்டம் அனுமதித்தது மனிதன் மேல் விழுந்தது.

ஜோஷிமடத்தைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் கொண்டாடுவார்கள். அந்த ஊர் பழைய நிலச்சரிவின் மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் கூடாது என்று 1976-இல் மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. கேட்டோமா? சுற்றிலும் கட்டினோம், குடைந்தோம். 2023 ஜனவரியில் வீட்டுச் சுவர்கள் விரல் நுழையும்படி பிளந்தன. ஊர்க்காரன் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நின்றான். நாம் அந்த வருஷமும் அதே வழியாக பத்ரிக்குப் போனோம், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

2013 ஜூனை மட்டும் மறக்கவில்லை. மறக்காமல் திருத்தி எழுதிக்கொண்டோம். பேய்மழையில் சோராபாரி ஏரி உடைந்து, மந்தாகினி தன் பழைய தடத்தைத் தேடி வந்தது. தடம் முழுக்கக் கட்டடங்கள் நின்றன. கோயிலின் பின்னால் ஒரு பாறை வந்து நின்று வெள்ளத்தைப் பிளந்ததால் கோயில் தப்பியது. மாநிலம் முழுக்க 5,700-க்கும் மேற்பட்டவர்கள் தப்பவில்லை. கோயில் நின்றதற்கு ஈசன் திருவிளையாடல் என்றோம். ஜனங்கள் போனதற்கு இயற்கைச் சீற்றம் என்றோம். வரவு கடவுள் பேரில், செலவு இயற்கை பேரில், கான்டிராக்ட் மட்டும் நம் பேரில். பாறையையும் விட்டு வைக்கவில்லை: பீம்ஷிலா என்று பெயரிட்டு செல்பி எடுக்கிறோம்.

இப்போது ரோப்வே வருகிறது. சோன்பிரயாகில் இருந்து 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய், 36 நிமிடம். கழுதைக்கு விடுதலை என்று கைதட்டலாம். ஆனால் மணிக்கு 1,800 பேரை மேலே கொண்டு கொட்டும் என்கிறார்களே, அவர்களைத் தாங்கப்போவது யார்? இனி மலையே கழுதை.

“வயசானவங்க என்ன செய்வாங்க?” என்று கேட்பீர்கள். திருக்கேதாரத்தைப் பாடிய சம்பந்தர் அங்கே போகவில்லை; காளத்தியில் நின்றபடியே பாடினார் என்பதே மரபு. அப்பரோ தள்ளாத வயதில், தேய்ந்த உடம்போடு கயிலைக்கு ஊர்ந்து போனார். சிவன் அவருக்கு வண்டி அனுப்பவில்லை, திருப்பி அனுப்பினார். பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. கேதார்நாதருக்கும் மலையின் அருமை தெரியும். பனிக்காலம் வந்தால் உற்சவரைப் பல்லக்கில் உகிமடத்துக்கு இறக்கிவிடுவார்கள். ஆறு மாதம் மலைக்கு ஓய்வு. அது பொறுக்குமா? 2024 டிசம்பரில் ‘குளிர்கால யாத்திரை’ என்று தொடங்கிவைத்து, இறங்கி வந்த சாமியையும் துரத்துகிறோம்.

தரிசனம் முடிந்து கௌரிகுண்டில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பேத்திக்குக் கஷ்டத்தைக் காட்டியவர், “எனக்கு இடுப்பே போச்சு சார்” என்றார். சேணத்தைக்கூட யாரும் கழற்றவில்லை. சாக்கு நனைந்து சிவந்திருந்தது. மழையில் நனைந்தது என்று நினைத்துக்கொண்டேன். கழுதை மறுபடி மலைப் பக்கம் திரும்பி நின்றது. வரிசையில் நின்ற அடுத்தவர், “ஹர ஹர மகாதேவ்!” என்று ஏறினார்.