ஊத்துக்கோட்டை அடக்கவிலைக் கோட்பாடு: ஒரு முன்னோடி ஆய்வு

வெளிநாடு போகிறவர்கள் அங்கே செல்போனும் டிவியும் வாங்கி வருவது லாபமா என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் இதுவரை சரியான இடத்தில் நின்று கேட்கவில்லை என்பது இவ்வாய்வின் முதல் வருத்தம். சிங்கப்பூர் முஸ்தபா கடையின் பில் கவுன்ட்டரில் நின்று கேட்டால் எல்லாமே லாபம்தான். கேட்க வேண்டிய இடம் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து செங்குன்றம், பெரியபாளையம் தாண்டி அட்டைப்பெட்டி வந்து இறங்க வேண்டும். நைலான் கயிறு அறுபட வேண்டும். முதல் உறவினர் "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்க வேண்டும். அந்த நொடியில் உறுதிப்படும் தொகையையே 'ஊத்துக்கோட்டை அடக்கவிலை' என இக்கட்டுரை குறிக்கிறது.

முற்கால வரலாறு எளியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் நம் நாட்டில் கலர் டிவியே வந்தது. நல்ல டேப் ரெக்கார்டரோ விசிஆரோ வேண்டுமென்றால் துபாயில் ஒரு மச்சான் இருக்க வேண்டும். இல்லையேல் பர்மா அகதிகளின் பிழைப்புக்காக 1969-ல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே உருவான பர்மா பஜாருக்குப் போக வேண்டும். மச்சான் உள்ளவர், மச்சான் இல்லாதவர் என்று சமூகம் இரு வர்க்கமாகப் பிரிந்திருந்த காலம் அது. அப்போது 'லாபமா?' என்று எவரும் கேட்டதில்லை. இங்கே கிடைக்காத பொருளுக்கு ஏது விலை ஒப்பீடு?

சிக்கல் பிற்காலத்தியது. பெரிய அட்டைப்பெட்டியோடு விமான நிலையத்தில் இறங்குகிறவர் 2013 ஆகஸ்ட் 26-ஐ மறக்கக் கூடாது. அன்றிலிருந்து தட்டை டிவிக்கு வரிச்சலுகை போயிற்று. 35 சதவீதச் சுங்கம், 2018 முதல் அந்தச் சுங்கத்தின்மேல் 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரி, ஆக 38.5. இருபதாயிரம் ரூபாய் டிவிக்கு 7,700 ரூபாய் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. மற்ற சாமான்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் 50,000 ரூபாய் வரை விட்டுக்கொடுத்தன. பதினெட்டு வயது நிரம்பியவர் கொண்டுவரும் ஒரு லேப்டாப்பை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனவே லேப்டாப் வாங்குவோரை இவ்வாய்வு அறிவாளிகள் என்றும், டிவி சுமப்போரைத் தியாகிகள் என்றும் வகைப்படுத்துகிறது.

சுங்கத்தைத் தாண்டியவருக்கு அடுத்த சோதனை சுவரில். சிங்கப்பூர் பிளக்குக்கு மூன்று தட்டைக் கால்கள். நம் சுவரில் மூன்று வட்ட ஓட்டைகள். வீட்டுப் பெரியவர் முதலில் பிளக்கை நேராக வைத்து அழுத்துகிறார். பிறகு தலைகீழாகத் திருப்பி அழுத்துகிறார். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு அழுத்தப் பார்க்கிறார், அத்தை அலறுகிறார். கடைசியில் பஜார் எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து ஒரு வெள்ளை கன்வெர்ட்டர் வருகிறது. அது சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும். யாராவது கதவைச் சாத்தினால் கரன்ட் போய்விடும். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ரைஸ் குக்கர் கொண்டுவந்தவர்களின் கதை இன்னும் சுருக்கமானது. அவை நூற்றுச் சொச்சம் வோல்ட்டுக்குப் பிறந்தவை, நம்முடையது 230. ஒரே ஒரு புகை, கதை முடிந்தது.

படத்தட்டு இயலும் இதில் அடங்கும். டிவிடி உலகை ஆறு மண்டலங்களாகப் பிரித்தவர்கள் அமெரிக்காவுக்கு 1, சிங்கப்பூருக்கு 3, இந்தியாவுக்கு 5 என்று எண் கொடுத்தார்கள். நியூயார்க்கில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் படம் ஊத்துக்கோட்டை பிளேயரில் ஓடாது. பர்மா பஜார் தட்டு எந்த மண்டலத்தையும் மதிக்காமல் ஓடும். நேர்மைக்கு விழுந்த அடி என்று இதை அறவியல் துறைக்கு அனுப்பிவைக்கிறோம். செல்போனிலும் இதே மண்டலப் புத்திதான். ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் போனில் சிம் போடத் துளையே கிடையாது. ஜப்பானில் விற்கும் பல போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு போட்டோ எடுக்க நினைப்பவர் இதைக் கருத்தில் கொள்க. பழுதானால், பல கம்பெனிகளின் வாரன்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு பக்கம் போனால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. அங்கே 2015-லேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் சியோமி போன்கள் தயாராயின. ஊத்துக்கோட்டை இருக்கும் மாவட்டத்துக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன் செய்தார்கள். இன்று அங்கே ஐபோன் பொருத்துகிறார்கள், கப்பலிலும் விமானத்திலும் ஏற்றுகிறார்கள். ஆகவே அமெரிக்காவிலிருந்து ஒருவர் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த ஐபோன் பெட்டியைத் திருப்பினால் 'அசெம்பிள்டு இன் இந்தியா' என்று இருக்க நிரம்ப வாய்ப்புண்டு. உள்ளூர்ப் பெண் இரவு ஷிப்டில் திருகிய ஸ்க்ரூ கடலைத் தாண்டிப் போய், டாலரில் விலை ஏறி, கார்டு கம்பெனிக்குக் கமிஷன் கொடுத்து, அவள் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்த்து "ஃபாரின் சாமான் ஃபாரின் சாமான்தான்" என்று சொன்னவர், அந்தப் பெண்ணின் சொந்தப் பெரியப்பா.

அடக்கவிலையில் இன்னும் சேர்க்க வேண்டியவை பல. ஒருவருக்கு வாங்கி வந்து மற்றவருக்கு வாங்காததால் உண்டாகும் மனஸ்தாபம் அவற்றுள் தலையாயது. அதை ரூபாயில் மாற்றும் சூத்திரம் இன்னும் அமையவில்லை. "அதே போன் இங்க ஆஃபர்ல போச்சே தம்பி" என்று எதிர்வீட்டு மாமா சொல்வதையும் தேய்மானத்தில் சேர்க்கலாம்.

புகாரே வராத ஒரே வெளிநாட்டுப் பொருள் கோடாலித் தைலம். அதற்கு பிளக் இல்லை, மண்டல எண் இல்லை, வாரன்டி இல்லை. சின்னது ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தால் மனஸ்தாபமும் இல்லை. ஊர் மெடிக்கலிலும் அது கிடைக்கிறது. ஆனால் அங்கே வாங்கிக் கொடுத்தால் பாட்டிக்கு முட்டிவலி போவதில்லை.