உப்பில்லா ஊரின் உடற்பயிற்சி நிபுணர்கள்

உப்பிலியபுரத்து டீக்கடை பெஞ்சில் காலை ஐந்தரைக்கே ஓ.பி. தொடங்கிவிடுகிறது. நோயாளி, துறையூர் ரோட்டில் நடந்து வருகிற தம்பி. பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு. மாத்திரை ஆரம்பித்த பிறகு பழைய சட்டை எதிலும் பட்டன் எட்டவில்லை.

வேகமாக நடந்தால், "பாத்தியா, மறுபடி ஏறிடுச்சு." வீட்டில் படுத்துக் கிடந்தால், "தின்னுட்டுத் தூங்குறான், கொழுப்பு." ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்பு. இருமுனைக் கோளாறு யாருக்கு என்று கொஞ்சம் சரிபார்க்க வேண்டும்.

பிறகு வைத்தியம். "உப்பை அறவே நிறுத்து தம்பி. வேர்த்துக் கொட்டுற மாதிரி ஓடு. தண்ணியக் கொறை, ஊதாது." பெயரிலேயே உப்பில்லாத ஊர், வேறென்ன சொல்லும்? தம்பி விழுங்குவது லித்தியம் கார்பனேட். அதுவே ஓர் உப்பு. சாப்பாட்டு உப்பைத் திடீரென வெட்டினாலும், வேர்த்து உடம்பு வற்றினாலும், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும். அப்போதும் பெஞ்சு அசராது: "குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."

பெஞ்சு சம்பளம் வாங்கவில்லை, விட்டுவிடலாம். சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்ப்போம். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையைத் தமிழக அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பைபோலாருக்கு எழுதித்தரும் ஓலான்சபின் மாத்திரை பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும், சர்க்கரையை இழுத்துவரும் என்பது சீட்டு எழுதுகிற கைக்குத் தெரியும். அந்தக் கைக்குப் பக்கத்தில் எடை மெஷின் எங்கே? இடுப்பை அளக்க ஒரு டேப்? தையல்கடைக்காரரிடம் இருக்கிறதய்யா! பைபோலார் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகச் சாகிறார்கள். அதில் பெரும்பங்கு இதயநோயின் கணக்கு. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான சிகிச்சை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். சமமாகத்தான் நடத்துகிறோம்: மனசுக்கென்று வந்தால் உடம்பைப் பார்ப்பதில்லை, நெஞ்சுவலியென்று வந்தால் "அது மெண்டல் கேஸ்" என்று திருப்பி அனுப்புகிறோம்.

தம்பி, நீ நட. தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமான உப்போடு சாப்பிட்டு, லித்தியம் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டு நட. அடுத்த ஓ.பி.யில், "எடை பாருங்க, இடுப்பை அளங்க, சர்க்கரை எடுங்க" என்று கேள். முறைத்தால் முறைக்கட்டும்.